மீன்துண்டும் மோர்க்கரண்டியும்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கிறது கோட்டுச்சேரி. கிழக்கே கடலை ஒட்டிக் கோட்டுச்சேரிமேடு முதலான மீனவர் ஊர்கள். உள்ளே காவிரித் தண்ணீரை நம்பிய நெல்வயல்கள். இரண்டுக்கும் நடுவே சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். மதியச் சாப்பாட்டில் மட்டும் அந்தத் தூரம் பெரிதாகத் தெரியும். மேட்டில் சோற்றுக்கு மத்திக் குழம்பு, தொட்டுக்கொள்ளப் பொரித்த காரப்பொடியோ நெத்திலிக் கருவாடோ. வயல் பக்கத் தெருவில் சோற்றுக்குச் சாம்பார், ஒரு கீரைக் கடைசல், முடிவில் மோர்.

முன்னதை மேட்டுச் சாப்பாடு என்றும் பின்னதைத் தெருச் சாப்பாடு என்றும் வைத்துக்கொள்வோம். இதைச் சாதிக் கணக்காகப் படிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை, கார்த்திகை, புரட்டாசிச் சனி என்றால் மேட்டு வீட்டிலும் சாம்பார்தான் கொதிக்கும். மீன்கூடை தெருவுக்குள் வந்த நாளில் வயல் வேலைக்குப் போகிற வீட்டிலும் மீன் மணக்கும். ஒரே குடும்பம் இரண்டுக்கும் மாறி மாறிப் போவதால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குப் பயன் இருக்கிறது.

ருசி இங்கே பேச்சில்லை. பார்க்கப்போவது இரும்பை. அதிலும் சாப்பாட்டில் இருக்கும் இரும்பு ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில் புரதம் செய்கிற வேலையை. சோகை என்று போய் நிற்கிற பெண்ணிடம் “புரதம் நிறையச் சாப்பிடும்மா, ரத்தம் ஊறும்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். எந்தப் புரதம் என்று சொல்லாமல் விட்டால் அந்த அறிவுரை பாதிக் கிணறுதான்.

முதலில் புத்தகக் கணக்கு. 50 கிராம் துவரம்பருப்பில் 11 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. 50 கிராம் மீன் சதையில் 10 கிராம். இதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரும்பு என்று பார்த்தால் பருப்பில் ஏறக்குறைய 2 மில்லிகிராம். பெரும்பாலான கடல்மீன் சதையில் அதில் பாதிகூடத் தேறாது. கீரையையும் சேர்த்துக் கூட்டினால் தெருச் சாப்பாடு எண்ணிக்கையில் தெளிவாக முந்திவிடும். தீட்டிய அரிசியில் இரும்பு சொற்பம், அது இரண்டு இலையிலும் ஒன்றுதான். புளியும் இரண்டிலும் இருக்கிறது. ஆக, எழுதிக் கூட்டினால் மீன் தோற்கிறது. குடலில் நடப்பதோ வேறு.

சாப்பாட்டில் இரும்பு இரண்டு வடிவத்தில் வருகிறது. ரத்தத்திலும் தசையிலும் இருக்கும் ஹீம் இரும்பு ஒன்று. பருப்பு, கீரை, தானியம், முட்டை எல்லாவற்றிலும் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. ஹீம் இரும்பை உடல் நூற்றுக்கு 15 முதல் 35 வரை எடுத்துக்கொள்ளும்; சுண்ணாம்புச் சத்தைத் தவிர, கூட என்ன சாப்பிட்டாலும் பெரிதாகப் பாதிக்காது. மற்ற இரும்பில் ஏறுவது நூற்றுக்கு 2-இலிருந்து 20 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அதே வேளையில் அதே வயிற்றில் கூட இருக்கும் பொருள்கள். சாம்பாரின் இரும்பு முழுக்க இந்த இரண்டாவது வகை. மீனிலும் இந்த வகைதான் பெரும்பங்கு, சூரை போன்ற கருஞ்சதை மீன்களில் மட்டும் ஹீம் சற்றுக் கூடுதல். எனவே மீன் தன் சொந்த இரும்பால் நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்தால் ஏமாற்றம்தான். அது காப்பாற்றுவது பக்கத்தில் இருக்கும் பருப்பின் இரும்பை.

இதை முதலில் அழுத்தமாகக் காட்டியவர்கள் வெனிசுவேலா நாட்டு ஆய்வாளர்கள், மிகுவேல் லாயிரிசும் கார்லோஸ் மார்த்தினெஸ் தோரெசும். அவர்கள் நாட்டு ஏழைச் சாப்பாடு மக்காச்சோளமும் கறுப்பு அவரையும். கதிரியக்க இரும்பு ஊட்டி அந்தப் பயிர்களை வளர்த்தார்கள். விளைந்ததைச் சமைத்து மனிதர்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளந்தார்கள். தானியத்தோடும் அவரையோடும் கன்று இறைச்சியோ மீனோ சேர்ந்தபோது, அந்தத் தாவர இரும்பே முன்னைவிட ஏறக்குறைய இரட்டிப்பாக ஏறியது. 1968-இல் வெளிவந்த முடிவு இது. மீனில் உள்ள அமினோ அமிலங்களைத் தனியாகக் கலந்து கொடுத்துப் பார்த்தபோதும் பலன் வந்தது. அவற்றுள் சிஸ்டீன் என்ற ஒன்றே முக்கியமான வேலையைச் செய்கிறது என்று 1970-இல் எழுதினார்கள்.

அப்படியானால் எல்லா விலங்குப் புரதமும் இப்படித்தானா? அமெரிக்காவில் ஜேம்ஸ் குக்கும் இலெயின் மொன்சனும் 1976-இல் வெளியிட்ட சோதனை இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது. முட்டை வெள்ளைக்கருப் புரதம் வைத்த ஒரு மாதிரிச் சாப்பாட்டை அடிப்படையாகக் கொண்டார்கள். அந்தப் புரதத்தை எடுத்துவிட்டு அதே அளவுக்கு மாடு, ஆடு, பன்றி, கோழி, ஈரல், மீன் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். இரும்பு ஏறுவது 2 முதல் 4 மடங்கு வரை கூடியது. பால், பாலாடைக்கட்டி, முட்டை வைத்தபோது எதுவும் கூடவில்லை. அசைவம் என்று நாம் ஒரே கூடையில் போடுகிற முட்டை, இரும்புக் கணக்கில் மீனோடு சேராமல் பாலோடு போய் நின்றுவிட்டது. விலங்குப் புரதம், தாவரப் புரதம் என்ற வழக்கமான பிரிவு இங்கே உதவாது. தசைப் புரதம், மற்றவை என்பதுதான் சரியான கோடு.

தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரத்தில் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை உண்டு. பிள்ளைகள் வளர்வதற்கு அது அருமையான உணவு, அதில் எனக்கு மறுப்பில்லை. சோகைக்கு மருந்தாக மட்டும் அதை எண்ணிக்கொள்ளக் கூடாது. மஞ்சள் கருவில் இரும்பு இருக்கிறது. அங்கேயே பாஸ்விட்டின் என்ற புரதமும் இருந்துகொண்டு அந்த இரும்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

தசைப் புரதம் என்னதான் செய்கிறது? வயிற்று அமிலத்தில் இரும்பு கரைகிறது. அமிலம் வற்றாமல் இருந்தால்தான் இது நடக்கும். நெஞ்செரிச்சல் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு இரும்பு ஏறுவது குறைவதற்குக் காரணம் அதுதான். கரைந்த இரும்பு முன்சிறுகுடலுக்கு வந்ததும் சூழல் மாறிவிடுகிறது. அங்கே அமிலம் தணிகிறது. தனியாக மிதக்கும் இரும்பு துருவைப்போல் படிந்துவிடும், அல்லது கிடைத்த எதனோடாவது ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் மீன் சதை செரித்து உடைந்த சிறு துணுக்குகள் கூட இருந்தால், அவற்றிலுள்ள சிஸ்டீனின் கந்தகக் கைகள் இரும்பைத் தளர்வாகப் பற்றிக்கொள்கின்றன. படியவும் விடுவதில்லை. இரும்பைக் குடல் செல்லுக்குள் நுழையக்கூடிய குறைந்த மின்னூட்ட வடிவத்துக்கு மாற்றவும் உதவுகின்றன. செல்லின் வாசலில் அந்த வடிவத்துக்குத்தான் கதவு திறக்கும். தசையில் இந்த வேலையைச் செய்வது சிஸ்டீன் மட்டுந்தானா, வேறு பொருளும் உண்டா என்று ஐம்பது வருடம் கழித்தும் ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பலன் இருப்பதில் சண்டை இல்லை.

இந்தத் தளர்வான பிடி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாலின் முக்கியப் புரதமான கேசினும் இரும்பைப் பிடிக்கும். அதன் பிடி இறுக்கம். கேசினில் பாஸ்பேட் ஒட்டிய இடங்கள் கொத்துக்கொத்தாக அமைந்திருக்கின்றன. சுண்ணாம்புச் சத்தைச் சுமப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது, கன்றுக்குட்டி எலும்பு வளரவேண்டுமே. இரும்பு அந்தப் பக்கம் வந்தால் அதுவும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. செரித்த பிறகும் அந்தத் துணுக்குகள் இரும்பை லேசில் விடுவதில்லை. சுவிட்சர்லாந்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஹரல் குழுவினர் 1980-களின் இறுதியில் மனிதர்களிடமே சோதித்து, கேசினும் பாலின் தெளிநீர்ப் புரதமும் இரும்பைத் தடுப்பதைக் காட்டினார்கள். புரதத்தை முன்கூட்டியே உடைத்துக் கொடுத்தால் தடை தளர்கிறது என்பதையும் பார்த்தார்கள். பாலில் வரும் சுண்ணாம்புச் சத்து வேறு தனியாக இரும்பைத் தடுக்கும், ஹீம் இரும்பையும் விட்டுவைக்காது. தாய்ப்பாலில் கேசின் குறைவு. அதில் உள்ள இரும்பு சொட்டு அளவுதான் என்றாலும் குழந்தைக்கு நன்றாக ஏறுகிறது. முதல் வருடத்துக்குள் பசும்பாலையே முக்கிய உணவாக வைத்த பிள்ளைகள் வெளிறிப்போவதற்கு அந்தப் பாலின் இந்தத் தடை ஒரு காரணம். குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவு இன்னொரு காரணம்.

தெருச் சாப்பாட்டு இலையில் முடிவாக விழும் மோருக்கு இதே குற்றச்சாட்டை அப்படியே வைக்கலாமா? நியாயம் பார்க்க வேண்டும். கெட்டித் தயிரைப் பிசைந்து சாப்பிடுவது வேறு. பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுத் தண்ணீராக விட்ட மோர் வேறு. நீர் மோரில் கேசினும் சுண்ணாம்பும் கொஞ்சந்தான். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் காலையில் கொடுக்கும் பாலையும் இந்தக் குற்றப்பட்டியலில் சேர்க்க முடியாது. அது மதியச் சோற்றைச் சந்திப்பதற்குள் வயிற்றைக் கடந்துவிடும். தடையும் உதவியும் ஒரே வேளையில் சேர்ந்திருந்தால்தான் நடக்கும்.

பருப்புக்கு வருவோம், தெருச் சாப்பாட்டின் நடுநாயகம் அதுதானே. குக்கும் ஷான் லிஞ்சும் மற்றவர்களும் 1984-இல் சோயா, கறுப்பு அவரை, மைசூர்ப் பருப்பு வகை, பச்சைப்பயறு, பட்டாணி ஆகிய ஐந்தையும் சோதித்தார்கள். எதிலும் இரும்பு நூற்றுக்கு 2 கூட ஏறவில்லை. சராசரிகள் 0.84-க்கும் 1.91-க்கும் நடுவே நின்றன. 2 மில்லிகிராம் இரும்புள்ள பருப்பை இந்த விகிதத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு மில்லிகிராமில் நூற்றில் இரண்டு முதல் நான்கு பங்குதான் மிஞ்சும். முக்கியக் குற்றவாளி புரதம் இல்லை, விதை தன் பாஸ்பரசைச் சேர்த்துவைக்கும் பைட்டேட் என்ற பொருள். ஆனால் புரதமும் முற்றிலும் நிரபராதி இல்லை. சோயாவிலிருந்து பைட்டேட்டை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பிறகும் அதன் ஒரு புரதப் பகுதி இரும்பைத் தடுத்தது என்று 1994-இல் இதே ஆட்கள் கண்டார்கள். துவரைக்கும் உளுந்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது அவசரம். சோயா மாவு விளம்பரத்தைப் பார்த்துச் சோகைக்கு அதை வாங்குகிறவர்கள் மட்டும் ஒருமுறை யோசிக்கலாம். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். முளைப்பயறும் இட்லி மாவும் சாம்பாரைவிட இந்த வகையில் மேல்.

இப்படி இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது சுவாரசியமாக ஒன்று தெரிகிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள் மீனையும் தயிரையும் ஒரே இலையில் சேர்க்க விடமாட்டார்கள். “மீனுக்கு மேல மோர் ஊத்தாதடா” என்ற அதட்டல் கேட்காத பிள்ளை டெல்டாவில் குறைவு. அவர்கள் சொல்லும் காரணம் தோலில் வெண்திட்டு வரும் என்பது. அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. வங்காளத்தில் தயிரிலேயே மீனை வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள், திட்டு ஒன்றும் வரவில்லை. ஆனால் மேட்டுக்காரர் மோரைத் தள்ளிவைத்ததால் இரும்புக் கணக்கில் அவருக்கு நன்மைதான். மீன் திறந்த வாசலைக் கேசின் வந்து பாதி சாத்தாமல் போயிற்று. காரணம் தப்பு, பலன் சரி. பழைய வழக்கங்களில் இப்படி அமைவது உண்டு, அதை வைத்து முன்னோர்களுக்கு உயிர்வேதியியல் தெரிந்திருந்தது என்று கிளம்பத் தேவையில்லை.

மேட்டுச் சமையலில் என்னை வியக்கவைப்பது வேறு பண்டம், மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. கத்திரிக்காயும் மொச்சையும் வெந்து கொதிக்கும் புளிக்குழம்பில் கழுவிய கருவாட்டைப் போடுவார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பச்சை மீன் அருகிப்போகிற அந்த நாளில் கருவாடுதான் கை கொடுக்கும். லாயிரிஸ் கறுப்பு அவரையோடு மீனைச் சேர்த்துச் செய்த சோதனையின் தமிழ்ப் பதிப்பு அந்தச் சட்டியில் இருக்கிறது. அவரை இனத்துப் பயறு இரும்பைத் தருகிறது, மீன் அதை ஏற்றிவிடுகிறது. கருவாடு என்பது தண்ணீர் போன மீன். எடையில் கொஞ்சமாக இருந்தாலும் புரதம் அடர்த்தி. உப்பு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், ரத்த அழுத்தக்காரர்களுக்கு இந்தச் சிபாரிசை நான் செய்யமாட்டேன். தெருச் சாப்பாட்டுக்காரர் சாம்பாரோடு மீனைச் சேர்க்கப்போவதில்லை. மேட்டுக்காரரும் மீன் குழம்பு வைத்த அன்றைக்குப் பருப்பை எடுப்பதில்லை, அது அவருடைய பலவீனம். இரும்பைத் தரக்கூடிய பண்டம் ஓர் இலையில், அதைக் கூட்டிப்போகிற பண்டம் இன்னோர் இலையில் என்று பிரிந்து கிடக்கிறது. மொச்சைக் கருவாட்டுக் குழம்பில்தான் இரண்டும் ஒன்றாக வருகின்றன.

அடுத்து அளவு. டென்மார்க்கில் 2003-இல் ஒரு குழு பைட்டேட் மிகுந்த, வைட்டமின் சி குறைந்த சாப்பாட்டைப் பெண்களுக்குக் கொடுத்தது. அதில் 25, 50, 75 கிராம் என்று பன்றி இறைச்சியைச் சேர்த்தார்கள். 25 கிராமில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 50 கிராமில் இரும்பு ஏறுவது 44 சதவீதம் கூடியது, 75 கிராமில் 57 சதவீதம். பன்றிக்குச் சொன்னதை மீனுக்கு அப்படியே அளவு மாறாமல் எழுத முடியாது. ஆனாலும் ஒரு கீழ் வரம்பு உண்டு என்பது புரிகிறது, அது பெரிய அளவும் இல்லை. நடுத்தர மத்தி இரண்டு மூன்று போதும்.

மேட்டு வீட்டில் அந்த இரண்டு மூன்று மத்தி யாருக்கு விழுகிறது? கடலுக்குப் போய் வந்த ஆம்பிளைக்கு முதலில். அப்புறம் பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு. கூடை சுமந்து தெருத்தெருவாக விற்று வந்தவள் கடைசியில் சட்டியை வழித்துச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறாள். நல்ல மீன் விலைக்குப் போய்விட்டது, துண்டும் முடிந்துவிட்டது, இருப்பது குழம்பு. மீன் குழம்புச் சாறும் மீனும் ஒன்றில்லை. செரித்து உடையவேண்டிய தசைப் புரதம் துண்டோடு போய்விட்டது. கணக்கெடுப்பாளர் வந்து “மீன் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் அவளும் ஆமாம் என்றுதான் சொல்வாள்.

கருவுறும் வயதுப் பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று 2020-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்தது. ஆணுக்கு 19. அமெரிக்காவில் அதே வயதுப் பெண்ணுக்குச் சொல்லும் எண் 18. நம் பெண்ணின் உடம்பு ஒன்றும் கூடுதலாக இரும்பு தின்பதில்லை. சோறு பருப்பில் ஏறுவது குறைவு என்று முன்பே கழித்துப் போட்டதால் அந்த எண் பெரிதாகியிருக்கிறது. மாதவிடாயில் போவதை ஈடுகட்ட வேண்டியவள் அவள். அவள் இலைக்குத்தான் துண்டு கடைசியில் வருகிறது, சில நாள் வருவதே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. பால் சுறாப் புட்டு அவளுக்கென்றே செய்யப்படும், அந்த நாளில் யாரும் பங்கு கேட்பதில்லை. தாய்ப்பாலில் உள்ள இரும்பை அது கூட்டிவிடாது. பிரசவத்தில் ரத்தம் இழந்த தாயின் உடம்பில் கையிருப்பு ஏற அது உதவும், அதுவே போதும்.

இதுவரை மேட்டுப் பக்கம் தராசு தாழ்ந்திருப்பதுபோல் எழுதிவிட்டேன். அதை அப்படியே விட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சோகை உள்ளவர்கள் இந்திய அளவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4. மீன் தின்னும் கேரளத்தில் 36.3. இத்தோடு நிறுத்தினால் மீன்தான் காரணம் என்று மேடையில் பேசிவிடலாம். ஆனால் மீனில்லாமல் கை நனைக்காத மேற்கு வங்கத்தில் 71.4! வறுமை, பிள்ளைப்பேறுகளின் இடைவெளி, கொக்கிப்புழு, ஆண் பெண் பங்கீடு, தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் குறைகள் எல்லாம் மீனைவிட வலுவாகப் பேசுகின்றன. நீரில் நிற்கும் வயலில் வெறுங்காலோடு வேலை செய்கிறவளுக்குக் கொக்கிப்புழு குடலில் ரத்தம் குடித்துக்கொண்டிருந்தால், எந்தப் புரதம் எவ்வளவு ஏற்றிவிட்டும் ஓட்டைப் பானைதான்.

ஆய்வுகளிலும் ஒரு குறை உண்டு. பெரும்பாலானவை ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை அளந்தவை. குக் குழுவே பின்னால், 1991-இல், இரண்டு வாரம் முழுக்க இரும்பை ஏற்றும் சாப்பாடு, இரும்பைத் தடுக்கும் சாப்பாடு என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. ஒரு வேளையில் ஏறக்குறைய ஆறு மடங்காகத் தெரிந்த வித்தியாசம் இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. உடம்பும் சும்மா இருப்பதில்லை. இருப்புக் குறைந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் குறைத்து வாசலை அகலத் திறக்கும், நிறைந்தால் சாத்தும். மூன்று தலைமுறையாகச் சைவம் சாப்பிடும் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சோகையில் விழுந்துவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுடைய கையிருப்புத்தான் குறைவாக இருக்கும், கர்ப்பத்திலோ பெருந்தீட்டிலோ அந்தக் குறை வெளியே தெரியும். அப்போது மீனும் போதாது, மொச்சையும் போதாது. செவிலியர் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத்தான் விழுங்க வேண்டும். அதைச் சாப்பாடு முடிந்த கையோடு டீயில் விழுங்காமல் இருந்தால் மாத்திரைக்கும் மரியாதை.

தெருச் சாப்பாட்டுக்காரருக்கு மீனின் வேலையைச் செய்ய யாருமே இல்லையா? புரதத்தில் இல்லை, புளிப்பில் உண்டு. வைட்டமின் சி, மீன் துணுக்கு செய்கிற இரண்டு வேலையையும் செய்யும்: இரும்பை வாசலுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும், படியாமல் வைத்திருக்கும். காரைக்கால் கடற்கரையில் மாங்காய் அரிந்து போட்டு விற்கும் பட்டாணிச் சுண்டல் இந்த வகையில் சாம்பாரைவிட நல்ல கூட்டு. மாங்காய் பச்சையாக இருப்பதால் சி கெடுவதில்லை. சாம்பாரில் கொதித்த தக்காளியில் பெரும்பகுதி போய்விடும். எலுமிச்சையைப் பருப்பில் பிழிவதானால் அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும்.

எந்தப் பழம் எவ்வளவு என்பதற்கு நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் அங்குள்ள 234 இந்திய வம்சாவளித் தாய்மார்களுக்குச் சோற்றுச் சாப்பாடு கொடுத்து அளந்தார்கள். வெறும் சோற்றுச் சாப்பாட்டில் இரும்பு நூற்றுக்கு இரண்டரைதான் ஏறியது. திராட்சை, ஆப்பிள் சேர்த்தும் பலனில்லை. வாழைப்பழம், மாம்பழம், அன்னாசி நடுத்தரம், 3-இலிருந்து 9-க்குள். கொய்யாவும் பப்பாளியும் 12-ஐத் தாண்டி 29 வரை போயின. இதே நாட்டு ஆய்வாளர்கள்தான் டர்பன் நகர இந்தியர் குடும்பங்களில் குழம்பு மசாலாப் பொடியிலேயே இரும்புச் சேர்மம் கலந்து கொடுத்துச் சோகை குறைவதையும் பார்த்தார்கள். இந்தியக் குழம்பு கொதிக்கிற வீடுகளில் அந்தப் பொடியைவிட நல்ல வாகனம் கிடைத்திருக்காது.

சோறும் பழமுமான அந்தச் சோதனைச் சாப்பாட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குக் காரைக்கால் அம்மையார்தான் நினைவுக்கு வந்தார். பெரியபுராணக் கதையில் பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதியார் வைத்தது கறி ஆகாத வெறும் சோறும் ஒரு மாம்பழமும். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறக்கும். கோட்டுச்சேரியிலிருந்தும் சனம் போய்க் கீழே நின்று மடியேந்தும். இரும்புக்கு மாம்பழம் இரண்டாந்தரம், கொய்யாதான் முதல் தரம் என்று அங்கே போய் யாரிடமும் சொல்லிவிட முடியாது. அம்மையார் காலத்தில் கொய்யா இங்கே இல்லவும் இல்லை. அது அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வரப் பல நூற்றாண்டு இருந்தது.